கோப்பை என்ன மீனா, கெட்டுப்போவதற்கு?

தப்பட்டைச் சத்தம் கேட்டபோது என் கையில் இரண்டாவது டம்ளர் காப்பி இருந்தது. முதல் டம்ளரோடு எழுந்து வந்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் முதல் டம்ளரோடு எழுந்து வர முடிந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நாம் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததை ஊற்றிவிடுவார்கள்.

பல்லடத்தைத் தாண்டி ஒரு ஊர். வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா ராமசாமி ஐயா இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறவர். ஒரு வரி பிசகினாலும் போன் வரும்.

அன்றைக்கு அவர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பின்னால் எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து டீம் மொத்தமும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. வேலியோரம் கல்லூரி வேனும், அதை ஓட்டி வந்த ஜாபர் பாயும்.

வந்த காரியம் இதுதான். என் டீமில் முதல் ஐந்து பேரில் மூன்று பேர் அந்த ஊர்ப் பெண்கள். கேப்டன் மேகலாவும் அதில் ஒருத்தி. அந்த வாரம் அவர்கள் ஊர் மாரியம்மன் நோன்பி, அதாவது திருவிழா. காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் நீராட்டு முடியும்வரை ஊர்க்காரர் யாரும் இரவில் வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இராத்திரிப் பூசை மணி அடிப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். எங்களுக்கோ வெள்ளி முதல் ஞாயிறு வரை சேலத்தில் போட்டி.

மூன்று பேருக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம் என்று போனேன். டீம் முழுவதையும் கூட்டிப் போனால் பெரியவர் மனம் இளகும் என்பது என் கணக்கு. ஒன்பது வருடம் வெளிநாட்டில் ஆடி, மொழி தெரியாத கிளப் தலைவர்களிடமெல்லாம் பேசிக் காரியம் சாதித்தவள் நான். பல்லடத்தில் பேச முடியாதா என்ன?

ராமசாமி ஐயா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அதுக்கென்னங்க, பேசிக்கலாம். மொதல்ல காப்பி சாப்புடுங்க" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு 'முடியாது' என்று அர்த்தம். வெளிநாட்டில் இருந்து இருந்து அது எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் தப்பட்டை. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் பெண்களும் எழுந்து கும்பிட்டார்கள். நானும் டம்ளரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கும்பிட்டேன்.

ராமசாமி ஐயா என்னைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், காப்புக் கட்டிப்போட்டாங்களே" என்றார். "கட்டற நேரத்துல ஊருக்குள்ள யாராரு இருக்கறாங்களோ, அவியெல்லாம் ஊர்க்காரங்கதானுங்க."

மூன்று பேரை விடுவிக்கப் போனவள், மீதி டீமையும் என்னையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டு நின்றேன்.

இளநீர் பறிக்காத உயரம்

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊர் கிணத்துக்கடவு. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. பத்தாம் வகுப்பிலேயே நான் அப்பாவைவிட உயரம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் தலையைக் குனியச் சொல்வார். தெருவில் போனால், "ஏன் அம்மணி, உங்க தோப்புல எளநி பறிக்க ஆளே வேண்டாமா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டவர்கள் எல்லாரும் தாங்கள்தான் முதலில் கேட்டதாக நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

வீட்டுக் கட்டில் எனக்குப் பத்தாது. அம்மா கால்மாட்டில் ஒரு மர பெஞ்சைப் போட்டு, அதன்மேல் பழைய சேலையை மடித்து விரித்து வைப்பாள். என் முழங்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் தூங்கும். பிறகு மாலத்தீவில் ஒரு வருடம், தாய்லாந்தில் கொஞ்ச காலம், கடைசியில் போர்ச்சுகலில் ஒரு மீன்பிடி ஊர் என்று நான் ஆடப் போய்விட்டேன். நான் விமானம் ஏறிய மறுநாளே பெஞ்சு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும். தீவன மூட்டை வைக்க அதைவிட நல்ல பெஞ்சு கிடையாது என்பாள் அம்மா.

எங்கள் ஊரிலும் மாரியம்மன் நோன்பி உண்டு, காப்பும் உண்டு. விடுமுறைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "நம்மூரு காப்பு எப்பம்மா?" என்பதுதான். தேதி தெரிந்தால் அதற்கு முந்தின வாரமே கிளம்பிவிடலாம், அல்லது நோன்பி முடிந்த பிறகு வந்து இறங்கலாம். மாட்டிக்கொண்டால் கிளப்புக்கு என்ன சொல்வது? மாரியம்மன் விட மாட்டேன் என்கிறாள் என்று போர்ச்சுகீசிய மொழியில் சொல்ல எனக்குத் தெரியாது. அம்மாவும் ஒவ்வொரு வருடமும் தேதியைச் சொல்வாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பாள். நானும் அதைக் கவனிக்காத மாதிரி மழை பெய்ததா என்று கேட்பேன்.

கார்லாவின் மீன் கடை

போர்ச்சுகலில் என் கோச்சின் பெயர் கார்லா. என் தோளுக்கு வருவாள். குரல் மட்டும் அரங்கத்தின் கூரையைத் தொடும். அது சின்ன கிளப். கோச் வேலை மட்டும் பார்த்துக்கொண்டு அங்கே பிழைக்க முடியாது. அதனால் கார்லா மீன் கடையும் வைத்திருந்தாள். விடிவதற்கு முன்னால் துறைமுகத்தில் மீன் ஏலம். ஏலத்துக்குப் போகாத நாளில் அவளுக்குக் கடை இல்லை.

முதல் மாதம் அவளுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். நான் யார் மேலாவது இடித்துவிட்டால், விசில் ஊதுவதற்கு முன்பே நின்று, கீழே விழுந்தவளைத் தூக்கிவிட்டு, அடிபட்டதா என்று கேட்பேன். அதற்குள் எதிர் டீம் பந்தை எடுத்துப் போய்ப் போட்டுவிடும். கார்லா கையில் இருக்கும் துண்டைத் தரையில் அடிப்பாள். ஆட்டம் முடிந்ததும் போய் நலம் விசாரி, வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போ, ஆட்டத்தின்போது ஓடு என்பாள். ஓடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஒரு வருடம் அந்த வட்டாரக் கோப்பையை வென்றோம். வெளிநாட்டில் நான் வென்ற முதல் கோப்பை. பரிசளிக்க வேண்டிய நகரத் தலைவர் வரவில்லை. வருகிறார், வருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கார்லா கடிகாரத்தைப் பார்த்தாள், எங்களை பஸ்ஸில் ஏற்றினாள், கிளம்பிவிட்டாள். மறுநாள் ஏலம் இருக்கிறதே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் கார்லா திரும்பிப் பார்த்து, "கோப்பை என்ன மீனா, கெட்டுப்போவதற்கு?" என்றாள். மீனைப் பற்றியும் ஃபவுலைப் பற்றியும் பேசினால் புரியும் அளவுக்கு அப்போது எனக்கு அந்த மொழி தெரிந்திருந்தது. கோப்பை அடுத்த வாரம் ஒரு மீன் லாரியில் ஏறி எங்கள் கிளப்புக்கு வந்தது. அதற்குள் வைத்திருந்த ரிப்பன் கடைசிவரை மத்தி மீன் வாசனைதான் அடித்தது.

பிறகு முழங்கால் போனது. அந்தக் கதையைப் போன வாரம் எழுதி, எலும்பு டாக்டர்கள் சிலருடைய கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டேன். கடைசி வருடம் முழுக்க கார்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆடியபோது தெரியாத ஆட்டம் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. நானும் ஒரு கோச் ஆகலாம் என்ற ஆசை அங்கேதான் வந்தது. அது சாதாரண ஆசை இல்லை. இருபது வருடம் ஒன்றையே செய்துவிட்டு, அதைவிட்டால் வேறு எதுவும் தெரியாதவளின் ஆசை.

கண்ணாடி அலமாரியில் ஒரு காலி இடம்

கோயம்புத்தூரில் எனக்கு வேலை கொடுத்த கல்லூரியின் கரஸ்பாண்டன்ட், ஸ்பின்னிங் மில் நடத்திவிட்டுக் கல்விக்கு வந்தவர். எந்நேரமும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கார்கூட வெள்ளை. ஒரு தூசி பட்டால் டிரைவருக்கு அன்றைக்குப் பொழுது நல்லபடியாகப் போகாது.

அவர் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. கயிறு இழுக்கும் போட்டிக்குக் கோப்பை, கோலப்போட்டிக்குக் கோப்பை, சிறந்த தோட்டத்துக்குக் கோப்பை. நடுத் தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. நேர்காணலில் அவர் என் சாதனைகளைக் கேட்டதைவிட அந்த இடத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒரு வருடத்துக்கு மட்டும் வேலை என்றார். அதற்குள் கூடைப்பந்தில் ஒரு கோப்பை வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் டீமையே நிறுத்திவிட்டு அந்த மைதானத்தில் கல்லூரி பஸ்களை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். இதையும் சிரித்த முகத்தோடு, மூச்சுக்கு மூச்சு 'ங்க' போட்டுத்தான் சொன்னார். வேலையைவிட்டு அனுப்புவதைக்கூட இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அந்த வருடம் இரண்டு போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். சேலம்தான் கடைசி. மேகலாவும் மற்ற இருவரும் இல்லாமல் அங்கே போவதும், பஸ்களுக்கு நானே கோடு போட்டுக் கொடுப்பதும் ஒன்றுதான். இப்போது புரிந்திருக்கும், எதற்காக அந்த வாசலில் போய் உட்கார்ந்தேன் என்று.

தறிக்கூடத்தில் டீம்

காப்புக் கட்டிய அன்று மாலை ராமசாமி ஐயா ஜாபர் பாயிடம் மட்டும் தனியாக, உங்களுக்கு இது பொருந்தாதுங்க, நீங்க தாராளமாப் போலாம் என்று சொல்லிப் பார்த்தார். பாய்க்கு வீடு உக்கடத்தில். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எல்லாரும் இங்க தங்கோணும், நான் மட்டும் போறதுன்னா காலைல வண்டியை ஆரு எடுக்கறதுங்க?" என்றார். "தொழுவறதுக்கு ஒரு சுத்தமான எடம் காட்டுங்க, போதும்."

மேகலா வீட்டு மாடி அறையை அவருக்குக் கொடுத்தார்கள். எங்களுக்குத் தறிக்கூடம். தறிகளுக்கு இடையில் பாய் விரித்துப் படுத்தோம். எழுந்திருக்கும்போது எல்லார் தலையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். டீமே ஒரே இரவில் கிழவியாகிப்போன மாதிரி இருக்கும். எங்கள் கூடத்தில் தறி நின்றிருந்தாலும் பக்கத்து வீட்டில் ஓடும். முதல் நாள் அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் சத்தம் நின்றால் விழிப்பு வந்தது.

மற்ற பெண்களின் வீடுகளுக்குப் போன் செய்தபோது திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. ஆத்தா காரியம் என்றால் சரிதான் என்றார்கள். அவிநாசியிலிருந்து ஒரு பெண்ணின் பெற்றோர் அவளுக்குத் தலையணையும், எனக்கு முறுக்கும் கொண்டு வந்தார்கள்.

என் அம்மாதான் போனில் நெடுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஒம்பது வருசமா நம்மூரு ஆத்தாளுக்கு டிமிக்கி குடுத்தே. பல்லடத்து ஆத்தா புடிச்சு ஒக்கார வெச்சுட்டா பாரு" என்றாள். அதில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. சிரித்துவிட்டேன்.

சாப்பாடுதான் பெரிய சிக்கல். முட்டை, கோழி என்று கார்லாவிடம் கற்றுக்கொண்டு நான் போட்ட உணவு அட்டவணை ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருந்தது. காப்புக் கட்டிய ஊரில் கறி, முட்டை கிடையாது. தாளிப்புக்கூடக் கிடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. கம்மங்கூழ், பச்சைப் பயறு, தயிர், தேங்காய், வாழைப்பழம். ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் என் டீம் இளைத்துவிடும் என்று பயந்தேன். நேர்மாறாக, இரண்டு பேருக்கு ஜெர்சி இறுக்கிப் பிடித்தது.

பகலில் கல்லூரிக்கு வேனில் போய், மாலையில் திரும்பி வந்து, மேகலா முதன்முதலில் பந்து போட்டுப் பழகிய அரசுப் பள்ளி மைதானத்தில் பயிற்சி செய்தோம். வளையம் உண்டு, வலை இல்லை. பந்து உள்ளே போனதா இல்லையா என்று சுற்றி நிற்கும் ஊர்தான் தீர்ப்புச் சொல்லும். ஊர் எங்கள் பக்கம் என்பதால், போகாததும் போனதுதான்.

பொன்னாடைகளுக்குப் பின்னால்

வெள்ளி, சனி இரண்டு நாளும் விடியற்காலையில் கிளம்பி, திருப்பூர் நெரிசலில் நீந்தி, பெருமாநல்லூரில் சேலம் ரோட்டைப் பிடித்துப் போனோம். ஆடி ஜெயித்துவிட்டு அப்படியே திரும்பினோம். ஒரு வழிக்கு மூன்று மணி நேரம். மற்ற டீம்கள் ஹாஸ்டலில் கால் நீட்டிப் படுத்திருக்க, என் பெண்கள் வேன் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு தூங்கினார்கள்.

ஞாயிறு இறுதி ஆட்டம். மதியம் தொடங்க வேண்டியது. கோடை மழை வந்து மைதானத்தில் குளம் கட்டியது. சாக்குப் பை போட்டுத் துடைத்தோம். ஜாபர் பாய் வேனின் சீட் உறைகளை உருவிக்கொண்டு வந்து துடைத்தார். ஆட்டம் தொடங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

எதிரில் சென்னை டீம். உயரத்தில் என் வகையறா. கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்தை வைத்துக்கொண்டு கடைசி நொடிவரை காத்திரு என்று மேகலாவுக்குக் கத்தினேன். கூட்டத்தின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் வராததுமாக எறிந்துவிட்டாள். அது வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, போனால் போகிறதென்று உள்ளே விழுந்தது. மிச்ச நேரத்தை எப்படிக் காப்பாற்றினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஜாபர் பாய் வந்து சொன்னபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

மணி ஏழு. இராத்திரிப் பூசை பத்து மணிக்கு. மூன்று மணி நேரப் பாதை.

மேடையில் சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கியிருந்தார். கூடைப்பந்தில் அவருக்குத் தெரிந்தது கூடை மட்டும்தான் போலிருக்கிறது. மூங்கில் கூடையில் தொடங்கிப் பூக்கூடைக்கு வந்துகொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் மேடையில் இருக்கும் எல்லாருக்கும் பொன்னாடை. பிறகு தொண்டர்களுக்குக் கேடயம், மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு, கடைசியில் நாங்கள். எங்களுக்கு மட்டும் முதலில் கொடுத்துவிட முடியுமா என்று அமைப்பாளரைக் கெஞ்சினேன். பாவம், அவர் பொன்னாடைகளைக் கையில் அடுக்கிக்கொண்டு, வரிசையை மாற்றினால் தன் வேலை போய்விடும் என்றார். என் வேலையும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

மேஜைமேல் கோப்பை இருந்தது. கைக்கெட்டும் தூரம். என் உயரத்துக்கு, எட்டி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம்.

மேகலா பக்கத்தில் வந்து நின்றாள். முகம் சுண்டியிருந்தது. தன்னால்தான் டீமுக்கு இவ்வளவு தொல்லை என்று அந்த வாரம் முழுக்க அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"மேடம், நாங்க மூணு பேரு பஸ் ஏறிப் போய்க்கறோமுங்க. நீங்கல்லாம் இருந்து கப்பு வாங்கிட்டு வாங்க. நெசமான ஊர்க்காரங்க நாங்கதானுங்களே" என்றாள்.

திரும்பி வேனைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஏறி, பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஜாபர் பாய் எஞ்சினை உறும விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு உண்மையாகவே அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் அந்த வேனைப் பார்த்த பிறகு அங்கே நிற்கக் கால் வரவில்லை.

"கப்பு என்ன மீனா, கெட்டுப்போறதுக்கு? ஏறு கண்ணு வண்டியில" என்றேன்.

பெருந்துறை தாண்டும்போது கரஸ்பாண்டன்ட் போன் செய்தார். ஜெயித்த செய்தி எட்டியிருந்தது. குரலில் தேன். காலைப் பத்திரிகைக்குக் கோப்பையோடு படம் வேண்டும் என்றார். கோப்பை எங்களிடம் இல்லை என்று, காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"கப்பு இல்லாம என்னத்தைங்க ஜெயிச்சீங்க?" என்றார்.

போனை வைத்துவிட்டார். 'ங்க' போட்டுக்கொண்டே ஒரு மனிதர் கோபமாக இருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஊர் எல்லைக்குள் வேன் நுழைந்து நின்றபோது பூசை மணி அடிக்கத் தொடங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, பஸ்கள் நிற்கும் மைதானம் கண்முன் வந்து நின்றது.

கோப்பைக்கும் காப்பு

வாங்க ஆள் இல்லாத கோப்பையை வைத்துக்கொண்டு சேலம்காரர்கள் என்ன செய்வார்கள்? எல்லாரும் செய்வதைத்தான். மறுநாள் கோயம்புத்தூர் பஸ் ஒன்றின் கண்டக்டரிடம் கொடுத்து, அவிநாசியில் ஆள் நிற்பார் என்று சொல்லிவிட்டார்கள். ஜாபர் பாய் போய் நின்று வாங்கி வந்தார். வரும் வழியில் கண்டக்டர் அதை டிக்கெட் இல்லாமல் ஒரு சீட்டில் உட்கார வைத்திருந்தாராம்.

நான் கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள் ஊர் முந்திக்கொண்டது. தப்பட்டையோடு எதிர்கொண்டு வாங்கி, நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆத்தாள் காலடியில் வைத்துவிட்டார்கள். இதைக் கல்லூரிக்கு எடுத்துப் போக வேண்டுமே என்று ராமசாமி ஐயாவிடம் கேட்டேன்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார். "ராத்திரிக்கு மட்டும் கொண்டாந்துபோடோணுமுங்க. காப்புக்குள்ள வந்துட்டதல்ல."

ஆக, கோப்பையும் ஊர்க்காரர்களில் ஒன்றாகிவிட்டது. மறுநாள் அது எங்களோடு வேனில் கல்லூரிக்குப் போனது, படம் எடுத்துக்கொண்டது, மாலையில் எங்களோடு திரும்பியது. கரஸ்பாண்டன்ட் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அது வேனில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மஞ்சள் நீராட்டு. கோப்பையைத் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். தெரு முழுக்க மஞ்சள் தண்ணீர். மாமன், மச்சான் முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்தார். வெளியாள், பெரிய மனிதர், யாரும் ஊற்றவில்லை.

ராமசாமி ஐயா காப்பி கொடுத்தார். எங்கள் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து காப்பி குடித்தால், பேச்சு பூர்வீகம் எது என்று தொடங்கி, யார் வீட்டில் பெண் எடுத்தீர்கள் என்று போய், உறவில் முடியாமல் இருக்காது. இரண்டாவது டம்ளர் வரும்போது, கரஸ்பாண்டன்ட்டின் அத்தையைக் கொடுத்த வீடு மேகலா வீட்டுக்குப் பங்காளி என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் மேகலாவுக்கு அவர் மாமன் முறை.

அவருக்கு விஷயம் புரிவதற்குள் மேகலாவின் கையில் குடம் இருந்தது.

தலையிலிருந்து கால்வரை மஞ்சள். அந்த மனிதர் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. ஊற்றியது கல்லூரி கரஸ்பாண்டன்ட் மேல் என்பது அப்போதுதான் உறைக்க, மேகலா குடத்தோடு அப்படியே உறைந்து நின்றாள். சரி, இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் முகத்தைத் துடைத்தார். கையைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்க ஒரு சிரிப்பு சிரித்தார். சிறு வயதில் சொந்த ஊர் நோன்பியில் நனைந்தது, அப்புறம் மில்லு, காலேஜ் என்று காலம் ஓடியே போய்விட்டது என்றார். இதை எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

கோப்பையை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு காரில் ஏறப் போனவர், சீட்டைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, ஈரத்தோடே உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"மேடம், வர்ற வருசம் டோர்னமென்ட்டுக்குப் பேரு குடுக்கறப்ப காப்பு தேதியை எனக்கும் ஒருக்கா சொல்லிப்போடுங்க" என்றார். "கட்டற அன்னிக்கு நானும் வந்துடறேன்."

வர்ற வருசம். என் வேலை நிரந்தரமானதை நான் தெரிந்துகொண்டது அந்த இரண்டு வார்த்தையில்தான்.

கார் போன பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். வேலை விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டேன்.

"நம்மூரு காப்பு எப்பம்மா?"

"வர்ற செவ்வாக்கெழமை" என்றாள். உடனே, பழக்க தோஷத்தில், "திங்கக்கெழமையே வந்து மொகத்தைக் காட்டிட்டுப் போயிரு. மாட்டிக்காதே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டும் நேரத்துக்கே வருகிறேன் என்றேன்.

அம்மா அப்பாவைக் கூப்பிடும் சத்தம் போனில் கேட்டது.

"ஏனுங், அந்தத் தீவன மூட்டையை எறக்கிப் போடுங்க. பெஞ்சு வேணும்."